கிளச் இறங்காத கார்

மில்லிக்கன்
1997 மாசி 12

அன்புள்ள அண்ணாவுக்கு,

தங்கச்சி சாம்பவி எழுதுவது. இங்கே எல்லோரும் சுகம் என்று எழுதத்தான் பேனையை எடுத்தேன். ஆனால் உங்கள் காரின் கிளச் சுகமில்லை.

அதை முதலில் கண்டது நான்தான். வெள்ளிக்கிழமை காலை, நீங்கள் சொல்லிவிட்டுப் போனபடி காரை ஸ்ராட் செய்து வைக்கப் போனேன். எப்போதும் அடிவரை இறங்கும் கிளச் பெடல் பாதி தாண்டியதும் கல்லில் முட்டியதுபோல நின்றுவிட்டது. இதைப் போனில் சொல்லியிருக்கலாம். ஆனால் அப்பாவின் பேச்சு வந்ததும் நீங்கள் போனை வைத்துவிடுகிறீர்கள். கடிதத்தை மேசையில் வைத்தாலும் அது என்னைப் போல ஒன்றும் பேசாமல் அங்கேயே இருக்கும்.

ரிவேர்ஸ் போட்டுப் பார்த்தேன், கறகறவென்று கத்தியது, பயந்து கையை எடுத்துவிட்டு ஹீற்றரைப் போட்டுக்கொண்டு இருந்தேன், கொஞ்ச நேரத்தில் பெடல் இளகி, பழுத்த எதையோ மிதிப்பதுபோல இன்னும் கொஞ்சம் இறங்கியது. அம்மாவைக் கூப்பிட்டேன். அவர் அப்பாவின் சப்பாத்தைப் போட்டுக்கொண்டு பனிக்குள் வந்து, நாலு பேர் உள்ள வீட்டுக்கு இரண்டு பேர் இருக்கும் காரை வாங்கினால் அது வேறு என்னதான் செய்யும் என்று காரையே கேட்டார். பிறகு கீழே பேஸ்மென்ரில் குடியிருக்கும் பத்மநாதன் அங்கிள் வந்தார். அவர் கிளிநொச்சியில் லொறி ஓடியவர், அதனால் காருக்குள் ஏறாமலே வயர் அறுந்துவிட்டது என்று சொல்லிவிட்டார். இந்தக் காரில் கிளச்சுக்கு வயர் இல்லை, ஒயில்தான் என்று நீங்கள் பிளாசாக் கடைகளுக்கு முன்னால் ஓடப் பழக்கியபோது சொன்னதை நான் சொன்னேன், ஆனால் அது என் கழுத்துத் துணிக்கு மட்டுந்தான் கேட்டிருக்கும். பிறகு அவர் உள்ளே இறங்கி இருந்தார். அந்தப் பள்ளமான சீற்றிலிருந்து அவரை வெளியே எடுக்க அம்மாவும் நானும் ஆளுக்கொரு கையைப் பிடித்து இழுக்கவேண்டி வந்தது. வெளியே வந்ததும் மூக்கை உறிஞ்சி, "மணக்குதெல்லே, பிள்ளை? பிளேற் எரிஞ்சிட்டுது" என்றார். எனக்கு மணந்தது ஊறுகாய். எரிந்த கிளச் பிளேற் ஊறுகாய்போல மணக்குமா என்று கேட்க நினைத்தேன். கேட்கவில்லை.

சனிக்கிழமை, காரை மொன்றியலுக்கு உங்களிடம் கொண்டுவர நீங்கள் அனுப்பிய சீமோன் அண்ணை வந்தார். ஒயிலைப் பார்த்தார், நிறைய இருந்தது. ரிவேர்ஸ் போட்டார். அது கத்திய கத்தலில் முன்வீட்டுச் சீனக் கிழவர் கதவைத் திறந்து பார்த்தார். பின்னால் எடுக்க முடியாத காரை வாசலிலிருந்து எப்படி வெளியே கொண்டுபோவது? பிறம்ரனில் இரவு வேலை முடித்து வந்த அப்பா யன்னல் சீலைக்குப் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். "உவன் ஓடின ஓட்டத்துக்கு இவ்வளவு நாளும் கிளச் இருந்ததே பெரிசு" என்றார். நீங்கள் போன பிறகு உங்களைப் பற்றி அவர் சொன்ன முதல் வார்த்தை அதுதான். அம்மா அழுதுகொண்டே சீமோன் அண்ணைக்கு இடியப்பம் கட்டிக் கொடுத்து பஸ்ஸுக்கு அனுப்பினார்.

அண்ணா, நீங்கள் கொலிஜை விட்டீர்கள் என்றுதான், நீங்கள் வீட்டை விட்டுப் போன அன்றைக்கு அப்பா அப்படிக் கத்தினார். நான் பள்ளிக்கூடத்தை விட்டபோது யாரும் கத்தவில்லை. கத்தாமல் விடுவதும் அவ்வளவு நல்லாயில்லை. கார் மட்டும் போய்விட்டால் நீங்கள் இந்த வீட்டுக்கு வர ஒரு காரணமும் இருக்காது என்று எனக்குத் தெரியும். கியர்பெட்டியை இறக்கவேண்டும் என்கிறார் பத்மநாதன் அங்கிள். அவர் இறக்குவதற்கு முன் நீங்களே வந்து பாருங்கள்.

அம்மா தந்த திருநீறு கடதாசிக்குள் இருக்கிறது. பூசாவிட்டாலும் எறியவேண்டாம். காதை மூடிக்கொண்டு வெளியே போங்கள்.

அன்புத் தங்கை,
சாம்பவி

பி.கு.: மேலே எழுதியது ஒன்றும் சரியில்லை. பெடல் எப்படி முட்டுகிறது என்று சரியாக எழுதுவதற்காக இன்னொருமுறை போய், அம்மா ஒன்றின்மேல் ஒன்றாகப் போட்டிருந்த இரண்டு கால்மிதிகளையும் தூக்கிப் பார்த்தேன். பெடலுக்கு நேர்கீழே ஒரு தேசிக்காய், பயணம் போகும் வாகனத்துக்குக் காவலாக வைப்பதுபோலக் குங்குமத்தோடு, ஒருபக்கம் நசிந்து, குளிரில் கல்லாகிக் கிடந்தது. அதை எடுத்ததும் பெடல் அடிவரை இறங்கியது, ரிவேர்ஸ் சத்தமில்லாமல் விழுந்தது. கிளச்சுக்கு ஒன்றுமில்லை. தேசிக்காயில் பெட்டி ஒட்டும் நாடா ஒட்டியிருந்தது, அதில் அப்பா வேலைசெய்யும் இடத்தின் பெயர் அச்சடித்திருக்கிறது. ஸ்ரியரிங்குக்குக் கீழே, யாருக்கும் தெரியாத இடத்தில், மீதி நாடா இன்னும் தொங்குகிறது; அங்கே ஒட்டியதுதான் குளிரில் கழன்று விழுந்து கால்மிதிக்கு அடியில் உருண்டிருக்கிறது. சீமோன் அண்ணை காரை எடுக்க வருகிறார் என்று வியாழக்கிழமைதான் அம்மா அப்பாவிடம் சொன்னார்.

நாடாத் துண்டை இத்துடன் வைத்திருக்கிறேன். தேசிக்காயை எடுத்த இடத்திலேயே வைத்து, இரண்டு கால்மிதிகளையும் மேலே விரித்துவிட்டு வந்தேன்.