தர்மச் செய்திகள், வாசிப்பது சங்கு அண்ணாச்சி

“…சும்மாச் சொல்லுதேன்னு நெனைக்காதீரும் அண்ணாச்சி. சேசு மேல ஆணை. நாளைக்கு மட்டும் அந்தச் சங்குச் சத்தம் என் கடைப் பக்கம் கேக்கட்டும், அதைப் பிடுங்கி உப்புப் பானைக்குள்ள போட்டு உப்பு அள்ளலேன்னா என் பேரு கித்தேரி இல்ல!”

கித்தேரியக்கா சொன்னால் சொன்னதுதான். இடியாப்ப உரலைக் கையில் வைத்துக்கொண்டு சொன்னால் அதற்கு மேல் அப்பீலே கிடையாது. எதிரே நின்ற சங்கு அண்ணாச்சி, பிள்ளையை மறைப்பதுபோலச் சங்கைத் துண்டுக்குள் மறைத்துக்கொண்டு, “சரி தாயி, சரி தாயி” என்று பின்பக்கமாகவே நடந்து வெளியே போனார்.

எழுபதுகளில் தூத்துக்குடியில் ஒரு நல்ல காரியம் நடந்தால் அது முதலில் கடவுளுக்குத் தெரியும், அடுத்தது சங்கு அண்ணாச்சிக்குத் தெரியும். சில சமயம் வரிசை மாறியும் இருக்கலாம்.

அவருடைய சொந்தப் பெயர் யாருக்கும் தெரியாது. ஊர் ஆழ்வார்திருநகரிப் பக்கம் என்பார்கள். சங்குகளைச் சேர்த்துவைக்கும் கிட்டங்கி ஒன்றில் தரம் பிரிக்கும் வேலை பார்த்து ஓய்ந்தவர். வேலையை விட்டு வரும்போது முதலாளி, “என்ன வேணும், கேளும்” என்றாராம். பூச்சி அரித்து, வளையலுக்கு ஆகாது என்று கழித்துப்போட்ட ஒரு சங்கைக் கேட்டு வாங்கி வந்தார் இவர். அதில் ஊதினால் “பூ…ம்” என்று கம்பீரமாகக் கிளம்பி, ஓட்டை வழியே காற்றுப் போய், “ஙீ…” என்று முடியும். இளைப்பு நோய் கண்ட கப்பல் ஒன்று துறைமுகத்துக்குள் நுழைவதுபோல இருக்கும்.

காலையில் சைக்கிளை எடுத்தாரென்றால் அனாதை விடுதி, கண் சிகிச்சை முகாம், தையல் நிலையம், பால்வாடி, பள்ளிவாசல் கஞ்சி, கோயில் அன்னதானம் என்று ஒரு சுற்று. சாதி மதம் எதுவும் பார்க்கமாட்டார். தர்மம் நடக்கிற இடமெல்லாம் அவருக்குச் சொந்த வீடு. சாயங்காலம் எங்கள் தெருமுனையில் சைக்கிளை நிறுத்திச் சங்கை ஊதி, ரேடியோக்காரர் குரலில் ஆரம்பிப்பார்: “தர்மச் செய்திகள். வாசிப்பது நான்தான்.”

நான் அப்போது கப்பல் ஏஜெண்டு ஆபீஸ் ஒன்றில் டைப் அடித்துக்கொண்டிருந்தேன். வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கத் தெரியாத வயசு. “அண்ணாச்சி, இதெல்லாம் பேப்பர்லயே வந்திராதா?” என்று கேட்டுவிட்டேன்.

“என்னலே வருது? ஒருத்தன் ஒருத்தனைக் குத்துனா படத்தோட போடுதான். ஒருத்தன் ஒருத்தனுக்குக் கஞ்சி ஊத்துனா போடமாட்டேங்கான். குத்துனவனுக்குப் பேரு உண்டு, ஊத்துனவனுக்குப் பேரு கெடையாதா?”

கேள்வி நியாயமானது. செய்திகள்தான் கொஞ்சம் விபரீதம்.

“தலைப்புச் செய்தி. சீமையில இருந்து ஏழைகளுக்காகக் கம்பளிக் கோட்டு மூட்டை மூட்டையா வந்து எறங்கியிருக்கு. சித்திரை வெயில்ல கம்பளி எதுக்குன்னு யாரும் கேக்கப்படாது. குடுத்தவன் ஊர்ல குளிருது, அவன் தனக்கு வேண்டியதை நமக்குக் குடுத்திருக்கான். மனசைப் பாருங்க.”

அடுத்த வாரம் அதே செய்தியின் தொடர்ச்சி வந்தது. “உப்பளத்துல கோட்டைச் சுருட்டித் தலையில சும்மாடா வச்சுக்கிட்டுப் பொம்பளையாளுக உப்புச் சொமக்காக. உச்சந்தலை வலிக்கலையாம். திட்டம் வெற்றி!”

இன்னொரு நாள்: “பால் பவுடர் வாங்குனவுக அதைக் கரைச்சுக் குடிக்கணும், சுவத்துக்கு அடிக்கப்படாது. தருவைகுளத்துல ஒரு வீட்டுச் சுவத்தை நேத்துல இருந்து பூனை நக்கிக்கிட்டு இருக்கு.”

இதெல்லாம் சரி. ஆனால் அந்தச் சங்கு? நம் ஊரில் தெருவில் சங்கு ஊதினால் அதற்கு ஒரே அர்த்தம்தான். எங்கள் தெருவுக்குப் புதிதாகக் குடிவந்த ஒருவர், சத்தம் கேட்டதும் சட்டையைக் கழற்றிப் போட்டுவிட்டுத் தோளில் துண்டோடு ஓடிவந்தார்.

“எந்த வீடு அண்ணாச்சி?”

“வண்ணார் தெரு, மூணாவது வீடு.”

“அடப் பாவமே. எப்ப எடுக்காக?”

“எடுக்கல. தொறக்காக. பால்வாடில்லா!”

அந்த மனிதர் அதன் பிறகு அண்ணாச்சியைப் பார்த்தாலே எதிர் வரிசைக்குப் போய்விடுவார். அண்ணாச்சிக்கு ஒரு கூச்சமும் இல்லை. “மில்லுல சங்கு ஊதுனா எழவு வீட்டுக்கா போறிய? வேலைக்குத்தானே போறிய? பச்சப்பிள்ளைக்குப் பால் புகட்டுதது எதுல? சங்குலதானே? உங்களுக்கு மட்டும் சங்குன்னா எப்பவும் சாவுதான் ஞாபகம் வருது. புத்தியைக் கழுவுங்கடே” என்பார்.

இந்த வாதம் கித்தேரியக்காவிடம் மட்டும் எடுபடவில்லை. அதற்குக் காரணம் இருந்தது. பழைய துறைமுகத்துக்குப் பக்கத்தில் அக்கா நடத்திய சாப்பாட்டுக் கடையில் வேலை பார்த்த அத்தனை பேரும் கடலில் புருஷனைப் பறிகொடுத்தவர்கள். அக்காவையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். மெட்ராஸில் உள்ள ஒரு தர்ம ஸ்தாபனம் கொட்டகை போட்டு, அண்டா குண்டா வாங்கிக் கொடுத்து, “நீங்களே சமைச்சு, நீங்களே வித்து, நீங்களே பிழைச்சுக்கோங்க” என்று விட்டிருந்தது. அந்தக் கடை வாசலில் போய் நின்று ஒருவர் தினமும் சங்கு ஊதினால்?

“எங்க வீட்டு எழவெல்லாம் ஊதி முடிஞ்சாச்சு அண்ணாச்சி. அதுலயும் நாங்க வேதக்காரங்க. எங்களுக்குக் கோயில்ல மணி அடிப்பாங்க. உம்ம சங்கு எதுக்கு?” என்பாள் அக்கா. சொல்லிக்கொண்டே அவருக்கு இலையைப் போடுவாள். கேட்காமலே இன்னொரு கரண்டி தேங்காய்ப்பால் சொதியும் விழும். ஏச்சும் சொதியும் அங்கே ஒன்றாகத்தான் பரிமாறப்படும். நானும் மதியம் அங்கேதான் சாப்பிட்டேன், எனக்கும் இரண்டும் கிடைத்தன.

அந்தக் கடைக்குத்தான் ஒரு சோதனை வந்தது. புதுத் துறைமுகம் வேலைக்கு வந்ததும் பெரிய கப்பல்கள் அங்கே போய்விட்டன. கூடவே கூட்டமும் போனது. பழைய பக்கத்தில் தோணிக்குச் சுமை ஏற்றுகிற ஆட்கள்தான் மிச்சம். அவர்களும் வேறு கடைகளுக்குப் பிரிந்துபோனார்கள். மெட்ராஸிலிருந்து ஓர் அதிகாரி வந்து பார்க்கப் போகிறார், கடைக்கு ஜனங்களின் ஆதரவு இல்லை என்று அவருக்குப் பட்டால் கொட்டகையைப் பிரித்து, பாத்திரங்களை வேறு ஊருக்குக் கொண்டுபோய்விடுவார்கள் என்று தகவல். அவர் வருவதற்கு முந்திய நாள்தான் அந்த உப்புப் பானைச் சபதம்.

மறுநாள் அதிகாரி வந்தார். மூக்குக்கண்ணாடி, வெள்ளைச் சட்டை, கையில் குடை. பெஞ்சில் உட்கார்ந்து சுற்றிலும் பார்த்தார். கடையில் இருந்தது நானும், என் இலையும், ஒரு காக்காயும்.

“கூட்டம் எப்போ வரும்மா?”

“இந்தா வந்துரும் சார்.”

கொஞ்ச நேரம் கழித்து மறுபடி கேட்டார். அக்கா மறுபடியும் அதையே சொன்னாள். இடியாப்பம் ஆறிக்கொண்டிருந்தது. உள்ளே அடுப்படியில் பெண்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் நின்றார்கள். நான் ஒரே ஆளாக எவ்வளவுதான் கூட்டம் காட்டுவது? மூன்றாம் தடவை இடியாப்பம் கேட்டு வாங்கினேன்.

இதையெல்லாம் தூரத்தில் சைக்கிளோடு நின்று சங்கு அண்ணாச்சி பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார். மனுஷனுக்குத் தாங்கவில்லை. கடைப் பக்கம் ஊதக்கூடாது என்றுதானே ஆணை? தோணித்துறையில் ஊதக்கூடாது என்று யார் சொன்னது? சைக்கிளை மிதித்து அங்கே போய், மூட்டைகளுக்கு நடுவில் ஏறி நின்று, உள்ள மூச்சையெல்லாம் கூட்டி ஊதியிருக்கிறார். பிறகு செய்தியை ஆரம்பித்திருக்கிறார். “தர்மச் செய்திகள். நம்ம கித்தேரியக்கா…” அதற்கு மேல் வரவில்லை. “நம்ம கித்தேரியக்கா… கடை…” கண்ணில் தண்ணீர். கையை மட்டும் கடை இருக்கும் திசையில் நீட்டினார்.

சங்கு. கித்தேரியக்கா. கண்ணீர். நீட்டிய கை. இதற்கு மேல் சுமை தூக்குகிறவர்களுக்கு என்ன விளக்கம் வேண்டும்? முதுகில் இருந்த மூட்டை தரைக்கு இறங்கியது, தலைப்பாகை இடுப்புக்கு வந்தது. துறையே கிளம்பிவிட்டது.

வழியில் ஒருவன் கேட்டானாம், “ஏலே, வேதக்காரிக்கு எதுக்குலே சங்கு ஊதுதான்?”

“கோயில் மணிக்குக் கயிறு அந்திருக்கும்ல. பேசாம வா.”

நாங்கள் கடையில் பார்த்தது இதுதான். முதலில் தூசி. அப்புறம் தலைகள். ஆண்கள் கூட்டமாக, சத்தமே இல்லாமல், தலையைக் குனிந்துகொண்டு வருகிறார்கள். சிலர் கண்ணைத் துடைக்கிறார்கள். முன்னால் அவர்களுடைய மேஸ்திரி இசக்கி, வழியில் வாங்கிய ரோஜா மாலையோடு கொட்டகைக்குள் நுழைந்தான். நுழைந்தவன் கரண்டியோடு நின்ற கித்தேரியக்காவைப் பார்த்து அப்படியே கல்லாகிவிட்டான்.

“ஏலே இசக்கி, மாலை யாருக்குலே?”

இசக்கி அக்காவைப் பார்த்தான், மாலையைப் பார்த்தான், பெஞ்சில் இருந்த வெள்ளைச் சட்டையைப் பார்த்தான். “சாருக்கு! மெட்ராஸ்ல இருந்து வந்த சாருக்கு!” என்று அதிகாரியின் கழுத்தில் போட்டுவிட்டான்.

அதிகாரி நெகிழ்ந்துபோனார். “ஏன் சிலபேர் அழறாங்க?”

“சாம்பார் காரம் சார்.”

“இன்னும் சாப்பிடவே இல்லையேப்பா?”

“வாசத்துக்கே அப்படித்தான் சார்.”

பின்வரிசையில் ஒரு பெரியவர் தயங்கினார். “குளிக்காம எப்படிலே கை நனைக்கது?”

“அவதான் சாகலையே, உக்காரும்வே!” என்று பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னான் இசக்கி.

உட்கார்ந்தார்கள். அன்று அந்தக் கொட்டகை பார்த்த கூட்டத்தைக் கண்டு கோயில் திருவிழாவே பொறாமைப்பட்டிருக்கும். இடியாப்பம் தீர்ந்து, சோறு தீர்ந்து, எனக்கு வைத்திருந்த நாலாம் தடவை இடியாப்பத்தையும் என் இலையிலிருந்தே எடுத்துக்கொண்டு போனாள் அக்கா. அதிகாரி மாலையைக் கழற்றாமலே குடையை விரித்து வெயிலில் நடந்துபோனார்.

அவர் தலை மறைந்ததும் இசக்கி உண்மையைச் சொன்னான். “நெசமாவே போயிட்டேன்னு நெனச்சிட்டோம்க்கா. நீ இல்லேன்னா, ஏன்லே நேத்து சாப்பிட வரலேன்னு எங்களை ஏச வேற யாரு இருக்கா?” என்றான். அக்கா கரண்டியைக் கீழே வைத்துவிட்டு, நேரே கடைக்கு எதிரே இருந்த புளியமரத்தடிக்குப் போனாள். அங்கே சைக்கிளுக்குப் பின்னால் அண்ணாச்சி ஒளிந்திருந்தார். சைக்கிளுக்குப் பின்னால் ஒரு மனிதன் எவ்வளவு ஒளிய முடியுமோ அவ்வளவு.

“உசுரோட இருக்கவளுக்குச் சங்கு ஊதுனீரா?”

“கடைப் பக்கம் ஊதலையே தாயி…”

அக்கா கையை நீட்டினாள். அவர் சங்கைக் கொடுத்துவிட்டார். அன்றைக்கே அது உப்புப் பானைக்குள் போய்விட்டது. உப்பு அள்ள நன்றாகத்தான் இருந்தது என்று அடுப்படிப் பெண்கள் சொன்னார்கள், ஓட்டை வழியாகக் கொஞ்சம் சிந்தும், அவ்வளவுதான்.

அதற்கப்புறம் தோணித்துறை ஆட்கள் தவறாமல் அங்கேயே சாப்பிட வந்தார்கள். ஆனால் எங்கள் தெருமுனை ஊமையாகிவிட்டது. அண்ணாச்சி சைக்கிளில் சுற்றுவார், எல்லா இடத்துக்கும் போவார், வருவார், ஒரு வார்த்தை பேசமாட்டார். எந்த முகாமில் கண்ணாடி கொடுக்கிறார்கள், எங்கே தையல் மிஷின் வந்திருக்கிறது, யாருக்கும் தெரியவில்லை. எதிர் வரிசைக்குப் போகும் அந்தப் புது ஆள்கூட ஒருநாள் என்னிடம் வந்து, “என்ன சார், ஊர்ல யாரும் ஒரு நல்லதும் செய்யலையா?” என்று கேட்டார்.

ஒரு நாள் எங்கள் ஆபீசுக்கு மெட்ராஸிலிருந்து டிரங்க் கால் வந்தது. அந்தப் பக்கத்தில் போன் உள்ள இடம் எங்கள் ஆபீஸ்தான். கித்தேரியக்கா கடை தொடர்ந்து இருக்குமாம். அதோடு புதுத் துறைமுகத்து வாசலில் இன்னொரு கொட்டகையும் போடப்போகிறார்கள். “அப்படி ஒரு ஜன ஆதரவை நான் எங்கேயும் பார்த்ததில்லை” என்றார் அந்த அதிகாரி. கண்ணீர்விட்டுச் சாப்பிட வருகிறார்கள் என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறாராம்.

நான் ஓடிப்போய்ச் சொன்னேன். அடுப்படியில் ஒரே சிரிப்பும் அழுகையும். அண்ணாச்சி ஓரத்துப் பெஞ்சில், வெறுங்கையோடு, சொதியில் இடியாப்பத்தைப் பிசைந்துகொண்டிருந்தார். கேட்டதும் கை நின்றது, முகம் மலர்ந்தது. பிறகு குனிந்து மறுபடி பிசைய ஆரம்பித்தார்.

“என்ன அண்ணாச்சி, செய்தி சொல்லலையா?” என்றாள் கித்தேரியக்கா.

“வேண்டாம் தாயி. நான் வாயைத் தொறந்தா நல்ல செய்தியும் எழவாத்தான் போகுது.”

அக்கா உள்ளே போனாள். உப்புப் பானை திறக்கும் சத்தம் கேட்டது. சங்கைத் தட்டித் தட்டி உப்பை உதிர்த்தாள், தண்ணீரில் அலசினாள், சேலைத் தலைப்பால் அதன் வாயைத் துடைத்தாள். கொண்டுவந்து அவர் கையில் வைத்து, தோளைப் பிடித்து வாசலுக்குத் தள்ளிக்கொண்டு போனாள்.

அவர் இன்னும் நம்பாமல் அவள் முகத்தையே பார்த்தார். அக்கா இரண்டு கையாலும் காதை இறுகப் பொத்திக்கொண்டு, கண்ணை மூடி, அவர் பக்கத்திலேயே நின்றாள்.