பித்தளைக் கிளாரினெட் அகதியான கதை

பிரெஞ்சு அரசாங்கத்தின் நீதி தவறாது என்பதை பாரிசின் லா சப்பலில் வாழும் தமிழர் எவரும் மறுக்கக் கூடாது. மறுப்பவர்கள் மடுத்தீனுக்கு நடந்ததைக் கேட்கட்டும்.

இலங்கையில், மன்னாரில் கோயில் பாண்டில் கிளாரினெட் ஊதிய மடுத்தீன், எண்பத்து நாலில் இராணுவத்துக்குத் தப்பிப் பாரிசுக்கு வந்தவன். மனைவி அற்புதராணி இன்னும் அங்கேதான். அவளைக் கூப்பிட வேண்டுமானால் முதலில் இவனுக்கு அகதிக் காட், அதாவது வதிவிட அட்டை, கிடைக்க வேண்டும். அதற்காக அவன் ஏறாத அலுவலகப் படி இல்லை.

மாதா திருநாள் ஊர்வலத்தில் ஊதுவதற்கென்று பழஞ்சாமான் சந்தையில் ஒரு பாஸ் கிளாரினெட் வாங்கினான். நூறு வருஷத்துக்கு முந்தியது. இராணுவப் பாண்டுக்காகச் செய்தது. மழையில் நனைந்து அணிவகுத்தாலும் மரத்தில் செய்ததுபோல வெடிக்காமலிருக்க முழுக்கப் பித்தளை. இடுப்பில் படைப்பிரிவின் முத்திரை, உடம்பெல்லாம் நெளிவு.

வாங்கின கையோடு அகதி விசாரணைக்குப் போனதுதான் பிழை. உள்ளே போகும் எதற்கும் இலக்கம் வேண்டுமென்று வாசற்காவலாளி கிளாரினெட்டுக்கும் ஒரு துண்டு கொடுத்துவிட்டான். பிறகு அரசாங்கம் பாவம், என்னதான் செய்யும்? இலக்கம் இருந்தால் கோப்பு வேண்டும். கோப்பு இருந்தால் விசாரணை வேண்டும்.

அதிகாரி மர்கரீத் அம்மையார் கிளாரினெட்டைத்தான் முதலில் அழைத்தார். புதுச்சேரி மொழிபெயர்ப்பாளர் ஒருவர் தமிழாக்கினார்.

"பிறந்த இடம்?"

"தெரியாதம்மா," என்று அதற்காக மடுத்தீன் பதில் சொன்னான்.

"அப்படியானால் திருப்பி அனுப்ப முடியாது. முந்திய தொழில்?"

"ஆமியிலை... பாண்ட்."

"படையிலிருந்து விலகிய கடிதம்?"

"அப்பிடி ஒண்டும் இல்லை."

"தப்பி ஓடி வந்திருக்கிறது!" அம்மையார் எழுந்து வந்தார். நெளிவுகளை ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்தார். "எவ்வளவு அடி வாங்கியிருக்கிறது!"

"அம்மா, நானும் ஆமிக்குப் பயந்துதான்..."

"இதனிடம் இராணுவ முத்திரை இருக்கிறது. உங்களிடம் என்ன இருக்கிறது?"

மடுத்தீனுக்கு அழுகை வந்தது. சேட்டைக் கழற்றி முதுகைக் காட்டினான். அதில் தழும்பு இருந்தது, முத்திரை இருக்கவில்லை.

கிளாரினெட்டுக்குப் பத்து வருஷக் காட் வழங்கப்பட்டது. அதைத் தூக்கித் திரியும் ஆள் என்ற வகையில் மடுத்தீனுக்கு மூன்று மாதம்.

"மேற்படி அகதி தனது வாழ்க்கைத் துணையை அழைத்துக்கொள்ளும் உரிமை உடையது," என்றார் அம்மையார். "துணையின் பெயர்?"

மடுத்தீன் கிளாரினெட்டைப் பார்த்தான். அது மறுப்பொன்றும் சொல்லவில்லை.

"அற்புதராணி," என்றான்.

பொழுதுபடுமுன் விஷயம் லா சப்பல் முழுக்கப் பரவிவிட்டது. அங்குள்ள தமிழ்ச் சங்கத் தலைவர் இராஜதுரை பொன்னாடையோடு வந்தார். மடுத்தீனைக் கொஞ்சம் விலகி நிற்கச் சொல்லிவிட்டுக் கிளாரினெட்டுக்குப் போர்த்திப் படமும் எடுத்துக்கொண்டார். பிறகு குரலைத் தாழ்த்தினார்.

"தம்பி, பத்து வருஷக் காட் எல்லோ! என்ரை மச்சாளின்ரை பெட்டை ஒண்டு ஊரிலை நிக்குது. கிளாரினெட்டுக்குப் பேசிப் பாப்பமே?"

"அதுக்குக் கலியாணம் முடிஞ்சுது, அண்ணை. கடுதாசியிலை என்ரை மனுசிதான் அதுக்கு மனுசி. வேறை வழி தெரியேல்லை. அவள் உயிரோடை வந்து சேர்ந்தாப் போதும்."

இராஜதுரை திடுக்கிட்டுப் போனார். யாராவது கேட்கிறார்களா என்று சுற்றிப் பார்த்துவிட்டு அவனுடைய கையைப் பிடித்தார்.

"மனுசியைக் குடுத்தது கிடக்கட்டும். அது என்ன சாதி ஆக்கள் எண்டு விசாரிச்சனீரே?"