ஹார்பர் சார் படகை விட்டு இறங்கிய நாள்

மைசூரில் கடல் இல்லை என்பதை ஒப்புக்கொள்ளாத ஒரே மனிதர் எங்கள் ஹார்பர் சார்தான். யாராவது அப்படிச் சொல்லிவிட்டால் முகம் சுருங்கிவிடும். “இல்லைன்னு யாருய்யா சொன்னது? கொஞ்சம் தள்ளி இருக்கு, அவ்வளவுதான்” என்பார்.

மெட்ராஸ்காரர். பயணிகள் கப்பல்களில் ஸ்டூவர்டாக இருந்தவர். அறைகளில் படுக்கை விரிப்பது, காபி கொண்டுபோய்க் கொடுப்பது, கடல் ஒத்துக்கொள்ளாதவர்களுக்குத் தலையைப் பிடித்துவிடுவது என்று பாதி ஆயுளைத் தண்ணீரிலேயே கழித்துவிட்டு, கல்யாணமும் செய்துகொள்ளாமல், தங்கை வீட்டுக்குப் பக்கத்தில் இருக்கலாமென்று சரஸ்வதிபுரத்தில் எங்கள் தெருவில் ஒரு மாடி அறைக்குக் குடிவந்தார். அவருடைய சொந்தப் பெயர் தபால்காரருக்குத் தெரிந்திருக்கலாம். எங்களுக்குத் தெரியாது.

தொண்ணூறுகளில் எங்கள் தெருவிலிருந்து யாரும் பெட்டியோடு சத்தமில்லாமல் ஊருக்குப் போய்விட முடியாது. கட்டிக்கொடுத்த மகளைப் பார்க்க எதிர்வீட்டு அம்மாள் பெங்களூருக்குக் கிளம்பினாள். ஹார்பர் சார் மாடியிலிருந்து இறங்கி வந்து வழிமறித்து, கப்பலேறுகிறவர்களுக்குச் சொல்லும் புத்திமதியை ஆரம்பித்தார்.

“மாத்துத்துணி, மாத்திரை எல்லாம் கைப்பையில வச்சுக்குங்கம்மா. பெட்டி ரூமுக்கு வந்து சேர ராத்திரி ஆயிடும்.”

“பெட்டி என் மடியிலதான் சார் வரப்போறது.”

“எல்லாரும் அப்படித்தான் நினைக்கறாங்க. சரி, நடுவுல துறைமுகம் ஏதாவது உண்டா?”

அந்த அம்மாள் யோசித்துவிட்டு, “மத்தூர்ல ரயில் நிக்கும். வடை வாங்கலாம்” என்றாள்.

“இறங்காதீங்க! இறங்கினாலும் ரயிலுக்கு முதுகைக் காட்டாதீங்க!”

கல்யாண வீடுகளில் பஃபே சாப்பாடு தலைகாட்டத் தொடங்கியிருந்த காலம் அது. கப்பல் பஃபேயில் கைதேர்ந்தவர் என்ற முறையில் ஹார்பர் சார் எங்களுக்கு ஒரு பாடம் எடுத்தார். முதலில் காலித் தட்டோடு ஒரு சுற்று வந்து எல்லாவற்றையும் பார்வையிட வேண்டும். அதன்பிறகுதான் கரண்டியைத் தொட வேண்டும். லட்சுமிபுரத்தில் ஒரு கல்யாணத்தில் அதைச் செய்தும் காட்டினார். அணிவகுப்பைப் பார்வையிடும் கவர்னர்போல அவர் ஒரு சுற்று முடித்துத் திரும்பியபோது, மைசூர்பாகு இருந்த தட்டில் நெய் மட்டும் மினுங்கிக்கொண்டிருந்தது.

எல்லாவற்றுக்கும் சிகரம் கொள்ளேகால் பஸ் ஸ்டாண்டில் நடந்தது. தெருக்காரர்கள் சிலர் சேர்ந்து மாதேஸ்வரன் மலைக்குப் போனோம். காபி குடிக்கக் கொள்ளேகாலில் இறங்கினோம். ஹார்பர் சார் ஒரு கையில் காபி டம்ளரும் மறு கையில் பஸ்ஸின் பின்பக்க ஏணியுமாக நின்றார். வண்டியைத் தள்ளி நிறுத்த டிரைவர் கிளப்பினார். சார் ஏணியை விடவில்லை. கண்டக்டர் பதறிப்போய், “பிடி சார்! பிடி!” என்று கத்தினார். கன்னடத்தில் அதற்கு ‘விட்டுவிடுங்கள்’ என்று அர்த்தம். சார் மைசூருக்கு வந்து அதிக நாளாகவில்லை. தமிழ்க் காதில் அது எப்படி விழும்? டம்ளரையும் எறிந்துவிட்டு இரண்டு கையாலும் பிடித்தார். கண்டக்டர் இன்னும் பலமாகப் “பிடி, பிடி” என்றார். சார் ஏணியில் ஏறியே விட்டார். பஸ் நின்ற பிறகு இறங்கிவந்து, “நல்ல கண்டக்டர். சரியான நேரத்துல சொன்னான்” என்றார்.

அப்போது நான் ஒரு சின்ன டிராவல்ஸ் ஆபீசில் வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். திருப்பதி, ராமேஸ்வரம், அதிகம் போனால் காசி. எங்கள் எல்லை அவ்வளவுதான். ஒரு நாள் டிராக்டர் கம்பெனி ஒன்று, நன்றாக விற்ற டீலர்களையும் அவர்கள் மனைவிமார்களையும் சிங்கப்பூரிலிருந்து கிளம்பும் உல்லாசக் கப்பலில் அனுப்பும் பொறுப்பை எங்கள் முதலாளியிடம் கொடுத்துவிட்டது. முதலாளி குளத்தைத் தவிர வேறு நீர்நிலையைப் பார்த்தவரில்லை. கூட்டத்தை நடத்திப்போக என்னை நியமித்தார். நான் கப்பல் படத்தைப் பார்த்தாலே தலைசுற்றும் ஆள். கெஞ்சிக் கூத்தாடி ஹார்பர் சாரையும் கூட அனுப்பும்படி செய்தேன்.

புறப்படும் முன் ஆபீசில் டீலர்களை உட்காரவைத்து அவர் பேசினார். அவரை அவ்வளவு நிதானமாக நான் பார்த்ததே இல்லை. “வயித்தைப் புரட்டும்ங்கறவங்க கப்பலோட நடுவுல, கீழ்த்தட்டுல ரூம் கேட்டு வாங்கிக்குங்க. ஆட்டம் குறைச்சலா இருக்கும். துறைமுகத்துல இறங்கினா வாசல்லயே சாமான் வாங்காதீங்க, ரெண்டு தெரு உள்ள போனா பாதி விலை. ஊரையே பார்த்துடணும்னு ஓடாதீங்க. ஒரே ஒரு தெருவை நல்லா பார்த்துட்டு வாங்க, போதும். முக்கியமா, கப்பல் நேரத்துக்குத் திருப்பி வச்ச கடியாரத்துல அப்புறம் கை வைக்காதீங்க. ஊர் நேரம் வேற, கப்பல் நேரம் வேற. கப்பல் அதோட நேரத்துக்குத்தான் கிளம்பும். யாருக்காகவும் நிக்காது.”

முன்வரிசையில் இருந்த, கொள்ளேகாலைத் தாண்டித் தமிழ்நாட்டு எல்லையோரம் இருக்கும் ஹனூரின் டிராக்டர் டீலர் சின்னசாமி எழுந்தார். “ஏனுங் சார், இறங்குன ஊருல ஒரு நேரம், ஏறுன கப்பல்ல ஒரு நேரமுங்களா? ரெண்டுல எதுங்க நெசம்?”

“சம்பளம் குடுத்து ஓட்டறாங்களே, கப்பல் நேரம்தான் நெசம்.”

சின்னசாமியின் மனைவி பழனியம்மாள், “கேட்டுக்கிட்டீங்களா? மறந்துறாதீங்க” என்று கணவரைப் பார்த்துச் சொன்னாள். அவர் தலையாட்டினார். தலையாட்டுவதில் அவருக்கு எப்போதுமே சிரமம் இருந்ததில்லை.

சிங்கப்பூரில் கப்பலைப் பார்த்ததும் ஹார்பர் சார், “இது கப்பலா? கல்யாண மண்டபத்தை மிதக்க விட்டிருக்கான்!” என்றார். ஆனால் ஏறும்போது கம்பியை மெல்லத் தடவிக்கொடுத்ததைப் பார்த்தேன். எங்கள் அறைப் படுக்கையைக் காலையில் அவரே மடிப்புக் கலையாமல் விரித்து வைத்துவிடுவார். அறைப் பணியாளனான பிலிப்பைன்ஸ் பையன் என்னைத் தனியே அழைத்து, தன் வேலையில் என்ன குறை என்று கண்கலங்கக் கேட்டான்.

புக்கெட் தீவில் கப்பல் கரைக்கு வராமல் கடலிலேயே நின்றது. சின்னப் படகுகளில் ஏற்றிக் கரைக்குக் கொண்டுபோனார்கள். சுற்றிப் பார்த்தோம், இளநீர் குடித்தோம், அவர் சொன்னபடி இரண்டு தெரு உள்ளே போய்ச் சாமான் வாங்கினோம். கடைசிப் படகுக்கு எல்லோரும் வந்து சேர்ந்தார்கள், சின்னசாமி தவிர.

“கடைத்தெரு முக்குல ஒரு வண்டி நின்னு போயிருந்துச்சுங்க. நம்மூருல வயலு உழுவற பவர் டில்லராட்டம் ரெண்டு சக்கரம், பொறத்தால ஒரு தொட்டி. நீ முன்னால போ, இதென்னன்னு பாத்துட்டு வாரேன்னாரு” என்றாள் பழனியம்மாள்.

படகுக்குப் பொறுப்பான வெள்ளைச் சட்டை அதிகாரி கைக்கடிகாரத்தைக் காட்டினார். இனி காத்திருக்க முடியாது என்றார். பாஷை தெரியாத ஊரில் ஒரு மனிதரைத் தொலைத்துவிட்டு எந்த முகத்தோடு மைசூர் திரும்புவது?

அப்போதுதான் அது நடந்தது. நின்ற பஸ்ஸையே கையை விட்டு விடாத ஹார்பர் சார் படகிலிருந்து கரைக்குக் குதித்தார்.

“சார், எங்க போறீங்க?”

“வண்டி ரிப்பேரானா அந்த ஆள் நகர மாட்டார். அங்கதான் இருப்பார். நீ படகை நிறுத்தி வை.”

“எப்படி சார்?”

“வாந்தி எடு!” என்று கத்திவிட்டு ஓடினார். அந்த வயதில் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, திரும்பிக்கூடப் பார்க்காமல் ஓடினார்.

நான் முயற்சி செய்தேன். வாழ்நாள் முழுக்க, வேண்டாத நேரத்தில் எல்லாம் வந்தது, வேண்டிய நேரத்தில் வரவில்லை. ‘உவ்வே’ என்று நான் போட்ட சத்தத்தைக் கேட்டு அந்த அதிகாரி எனக்கு ஒரு மிட்டாய் கொடுத்தார். படகுக்காரன் கயிற்றை அவிழ்க்கக் குனிந்தான்.

பழனியம்மாள் எழுந்தாள். ஒரு காலைப் படகிலும் ஒரு காலைக் கரையிலும் வைத்து நின்றுகொண்டாள். சேலைத் தலைப்பை இடுப்பில் செருகினாள்.

“எம்பட வூட்டுக்காரரு வராம இந்தப் படகு நகரட்டும், பாக்கலாம்” என்று ஹனூர்த் தமிழில் அந்த அதிகாரியிடம் சொன்னாள். “நீங்க கயித்த அவுத்தா நான் தண்ணிக்குள்ள போவேன். அப்பறம் கம்பெனிக்கு நீங்களே பதில் சொல்லிக்குங்க.”

அவருக்குத் தமிழ் தெரியாது. ஆனாலும் ஒரு வார்த்தை விடாமல் புரிந்துவிட்டது. வயர்லெஸ்ஸை எடுத்துக் கப்பலோடு தணிந்த குரலில் பேசினார். “மேடம், ப்ளீஸ்” என்றார். மேடம் அசையவில்லை. மற்ற டீலர்களின் மனைவிமார்கள் ஒவ்வொருவராக எழுந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டார்கள். நான் மிட்டாயை வாயில் போட்டுக்கொண்டு, தெரிந்த சாமிகளை எல்லாம் கூப்பிட்டேன்.

தூரத்தில் ‘டக டக டக’ என்று ஒரு சத்தம்.

கடற்கரைச் சாலையில் அந்த வண்டி வந்தது. நீளமான கைப்பிடியைப் பிடித்து உள்ளூர் விவசாயி ஒருவர் ஓட்ட, பின்னால் தொட்டியில் முகமெல்லாம் கிரீஸோடு சின்னசாமி உட்கார்ந்திருந்தார். அவர் பக்கத்தில் ஹார்பர் சார் எழுந்து நின்று இரண்டு கையையும் ஆட்டினார். வண்டியின் வேகத்தைச் சொன்னால் நம்பமாட்டீர்கள். ஒரு நாய் அதைத் தாண்டி நடந்துபோனது. படகில் இருந்த அத்தனை பேரும் “வாங்க, வாங்க” என்று கத்தினோம். அந்த அதிகாரியும் தன் பாஷையில் கத்தினார்.

படகில் ஏறியதும் சின்னசாமி, “அந்தக் கடைக் கடியாரத்துல இன்னும் ஒரு மணி நேரம் இருந்துச்சுங்க. அவிய ஊருக்கு வந்துட்டு அவிய கடியாரத்தத் தப்புங்கலாமுங்களா?” என்றார்.

“இறங்கி நடந்து வந்திருக்கலாமே அண்ணா, வண்டியைவிட வேகமா வந்திருக்கலாம்!” என்றேன் நான்.

“ரிப்பேர் பண்ணுன வண்டிய ஓட்டிப் பாக்காம எப்படித் தம்பி வர்றது?”

பழனியம்மாள் அவரைத் திட்டினாள். திட்டிக்கொண்டே சேலைத் தலைப்பால் அவர் முகத்துக் கிரீஸைத் துடைத்தாள். துடைத்துக்கொண்டே அழுதாள். பிறகு ஹார்பர் சாரின் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். படகு முழுக்க ஒரே சிரிப்பு. ஒரு வாரமாக மூச்சுப் பிடித்திருந்தவன் விட்டதுபோல எனக்கு உடம்பே லேசாகிவிட்டது. அந்த நேரம் பார்த்து, உண்மையாகவே வாந்தி வந்தது.

கப்பல் கிளம்பியபின் மேல்தட்டில் ஹார்பர் சார் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.

“யாருக்காகவும் கப்பல் நிக்காதுன்னு சொன்னீங்களே சார். நீங்க ஏன் இறங்கினீங்க?”

அவர் கடலைப் பார்த்தபடியே சொன்னார்.

“சின்ன வயசுல மொம்பாசா துறைமுகத்துல கப்பல் என்னை விட்டுட்டுப் போயிடுச்சுப்பா. கரையில நின்னு பார்த்துக்கிட்டே இருந்தேன். அடுத்த கப்பல் வந்து ஏத்திக்கிச்சு, அது ஒண்ணும் பெருசில்ல. ரூம்ல எங்கூட மூணு பேர் இருந்தானுங்க. என் படுக்கை காலியா இருந்ததைப் பார்த்திருப்பானுங்க இல்ல? ஒருத்தனும் இறங்கி வந்து பேர் சொல்லிக் கூப்பிடல. அதான்.”

மைசூர் ஸ்டேஷனில் வந்து இறங்கியதும் எல்லோரும் பிரிந்தார்கள். ஹார்பர் சார் தன் பையைத் தேடினார். அது பழனியம்மாள் தோளில் இருந்தது.

“நம்மூட்டுக்கு வாங்கண்ணா. ஒரு பத்து நாள் இருந்துட்டுப் போலாம்.”

“ஐயோ, இல்லம்மா, அங்க எனக்கு என்ன வேலை...”

“வேலை இருந்தாத்தான் வரோணுமுங்களா? பஸ்ஸு கெளம்பப் போவுது, வாங்க” என்று சொல்லிவிட்டுப் பையோடு நடந்தாள். சார் என்னைப் பார்த்தார். வாயைத் திறந்து மூடினார். வாழ்க்கையில் முதல்முறையாக யாருக்கும் எந்த ஆலோசனையும் சொல்லாமல் அவள் பின்னால் போனார்.

போனவர் பத்து நாளைத் தாண்டியும் வரவில்லை. எங்கள் தெருவிலிருந்து ஆட்கள் சத்தமில்லாமல் ஊருக்குப் போனார்கள், வந்தார்கள். எனக்கு வெளியூர் வேலை எதுவும் இல்லை. ஆனாலும் ஆபீஸ் விட்டதும் பஸ் ஸ்டாண்டுப் பக்கம் போய், ஹனூர் பஸ்ஸிலிருந்து இறங்குகிறவர்களை எல்லாம் ஒரு தடவை பார்த்துவிட்டுத்தான் வீட்டுக்குப் போவேன்.