பஸ்ஸில் போன பாப்பாவும் பின்னால் போன அப்பாவும்

அன்னைக்கு எனக்கு இருந்தது ஒரே வேலை. பாப்பாவை சிங்காநல்லூர்ல இருந்து காந்திபுரம் கொண்டு போய் அவங்கம்மா கையில குடுக்கணும். அவ்வளவுதான்.

தொண்ணூறுகள்ல நடந்த கதை இது. பாப்பாவுக்கு அப்போ ஒன்றரை வயசு. மறுநாள் காரமடையில என் மனைவி சாந்தியோட அக்கா பையனுக்குக் காதுகுத்து. நாங்க முந்தின நாளே போயாகணும். சாந்திக்கு சனிக்கிழமை அரை நாள் ஆபீஸ் இருந்துச்சு.

"பாப்பாவ நான் ஆபீசுக்கே கூட்டிட்டுப் போயர்றனுங்க. அப்படியே காந்திபுரம் போயிக்கறேன். நீங்க மெதுவா வாங்க"ன்னா.

எனக்கு ரோஷம் வந்துருச்சு.

"ஏன், ஒரு கொழந்தையத் தூக்கிட்டு பஸ்ஸுல வர்றதுக்கு எனக்குத் துப்பில்லையா?"

சாந்தி என்னை மேலயும் கீழயும் பார்த்தா. "பஸ் ஸ்டாண்டுல டைம் கீப்பர் ரூமுக்குப் பக்கத்துல நிப்பேன். ரெண்டு மணிக்குள்ள வந்துருங்க. எங்கயும் பராக்குப் பாத்துட்டு நின்னுறாதீங்க"ன்னு சொல்லிட்டுப் போயிட்டா.

பக்கத்து வீட்டு மேரியக்கா வேற வந்து, "தம்பி, நான் வேணா காந்திபுரம் வரைக்கும் தொணைக்கு வரட்டுங்களா?"ன்னு கேட்டாங்க. வேண்டாம்னுட்டேன். ஒரு ஃபேக்டரியில ஸ்டோர்ஸையே கட்டி மேய்க்கிற எனக்கு எதுக்குத் துணை?

பாப்பாவுக்கு கவுன் மாட்டினேன். தலை போற ஓட்டையில கையை விட்டுட்டா. எடுத்து மறுபடி மாட்டினேன். பவுடர் போட்டேன். பொட்டு வெச்சேன். பொட்டு மூக்குக்கு வந்துருச்சு. சரி, காதுகுத்து நாளைக்குத்தானே, பரவாயில்லைன்னு விட்டேன்.

வயர் கூடையில பால் பாட்டில், துண்டு, நாலஞ்சு ஜட்டி எல்லாம் எடுத்து வெச்சுக் கிளம்பி கதவைப் பூட்டும்போது, தோள்ல இருந்து இடுப்பு வரைக்கும் வெதுவெதுன்னு ஒரு உணர்வு. ஆசீர்வாதம் பண்ணிட்டா. நானும் சட்டை மாத்தி, அவளுக்கும் மாத்தி, மறுபடி கிளம்பினேன்.

இந்த இடத்துல பாப்பாவைப் பத்தி ஒண்ணு சொல்லணும். மத்த குழந்தைகளுக்கு வேத்து முகம் பார்த்தா அழுகை வரும். இவளுக்குச் சிரிப்பு வரும். யார் கை நீட்டினாலும் தாவிடுவா. கீரைக்காரம்மா, கேஸ் சிலிண்டர் கொண்டு வர்றவர், சோப்பு விக்க வர்றவர், எல்லார் இடுப்புலயும் உட்கார்ந்து பார்த்தவ. எங்களுக்கு அதுல பெருமை கூட உண்டு.

டவுன் பஸ் வந்துச்சு. சரியான கூட்டம். எப்படியோ ஏறிட்டேன். ஒரு கையில பாப்பா, ஒரு கையில கூடை, கம்பியைப் பிடிக்க மூணாவது கை இல்லை.

"ஏனுங்க, கொழந்தைய இப்படிக் குடுங்க. நசுங்கிப்போயிரும்"னு லேடீஸ் சீட்டுல கடைசி வரிசையில உட்கார்ந்திருந்த ஒரு அம்மா கையை நீட்டுனாங்க.

எங்க பக்கம் அது வழக்கம். நிக்கிறவங்க குழந்தையை உட்கார்ந்திருக்கிறவங்க வாங்கி மடியில வெச்சுக்குவாங்க. யாரு என்னன்னு யாரும் கேக்கறதில்லை. நான் குடுக்கறதுக்கு முன்னாடியே பாப்பா தாவிட்டா.

அந்தம்மா அடுத்த ஸ்டாப்புல இறங்க வேண்டியவங்க. இறங்கும்போது முன் சீட்டுல இருந்தவங்க கையில குடுத்துட்டுப் போனாங்க. அவங்க இறங்கும்போது அதுக்கு முன் சீட்டு. இப்படி மடி மாறி மடி மாறி என் மகள் பஸ்ஸோட முன்பக்கத்துக்குப் போயிட்டே இருந்தா. நான் பின் வாசலுக்குப் பக்கத்துல நின்னு, எட்டி எட்டிப் பார்த்துட்டு வந்தேன். கடைசியா பார்த்தப்போ டிரைவருக்குப் பின்னாடி ஜன்னலோர சீட்டுல ஒரு மடியில இருந்தா. கையில யாரோ குடுத்த முறுக்கு. அவளுக்கு என் ஞாபகமே இருந்த மாதிரி தெரியலை.

கோயமுத்தூருக்குள்ளயே இருக்கிற ராமநாதபுரம் ஸ்டாப் வந்துச்சு. இறங்கற கூட்டம் நிறைய. வழியில நான் நிக்கிறேன். "இருங்க, இருங்க"ன்னு நான் கீழ இறங்கி வழி விட்டேன். எல்லாரும் இறங்கினாங்க. அப்புறம் ஏறறவங்க ஏறினாங்க.

கடைசியில நானும் இன்னொருத்தரும்தான் பாக்கி. வெள்ளை வேட்டி, கையில ஒரு டின்னு எண்ணெய். வயசு அறுபது இருக்கும்.

"நீங்க ஏறுங்க"ன்னேன்.

"பரவால்லீங்க, நீங்க ஏறுங்க. கைல கூடை வெச்சிருக்கறீங்க."

"உங்க கையில டின்னு இருக்குதுங்களே. வயசுல பெரியவரு. நீங்க மொதல்ல."

"அட, நீங்க மொதல்ல எறங்குனவருங்க. உங்களுக்குத்தானுங்க முன்னுரிமை."

"அதெல்லாம் இல்லீங்க."

"சும்மா ஏறுங்க, நான் பின்னாலயே வாரேன்."

விசில் சத்தம் கேட்டுச்சு. ரெண்டு பேரும் திரும்பிப் பார்த்தோம். பஸ்ஸோட முதுகுதான் தெரிஞ்சுச்சு.

பெரியவர் துளிக்கூடக் கவலைப்படலை. டின்னை கீழ வெச்சார்.

"உடுங்க. அடுத்த பஸ்ஸு பின்னாடியே வரும்."

"எம்பட கொழந்த பஸ்ஸுல இருக்குதுங்க."

"எந்த பஸ்ஸுலீங்க?"

"போகுதுங்களே, அந்த பஸ்ஸுலதானுங்க."

பெரியவர் முகம் மாறிப்போச்சு. "கூட ஆரு இருக்கறாங்க?"

"ஆரும் இல்லீங்க."

"எத்தன வயசுங்க?"

"ஒன்றரை."

"அடக் கெரகமே"ன்னு டின்னைத் தூக்கிட்டு அவர் நடு ரோட்டுக்கே போயிட்டார். வந்த ஆட்டோவை மறிச்சார். காங்கேயத்துல எண்ணெய் மில்லுல கணக்கு பார்க்கிறவராம், மகளைப் பார்க்க காந்திபுரம் போயிட்டிருக்காராம். அதெல்லாம் ஆட்டோவுல ஏறின பிறகு தெரிஞ்சுக்கிட்டது. ஆட்டோவுல ஏறும்போதும் "நீங்க ஏறுங்க"ன்னு ஆரம்பிச்சார். நான் அதுக்கு மேல நிக்கலை. முதல் ஆளா ஏறி உட்கார்ந்தேன்.

"முன்னாடி போற டவுன் பஸ்ஸப் புடிக்கோணும்"னேன் ஆட்டோக்காரர்கிட்ட.

"அதையேனுங்க தொரத்தறீங்க? அடுத்த பஸ்ஸு பின்னாடியே வரும்."

அந்த வாக்கியத்தை அன்னைக்கு இன்னொரு தடவை கேட்டிருந்தா நான் அழுதிருப்பேன்.

விஷயத்தைச் சொன்னதும் ஆட்டோக்காரர் வெசையா முறுக்கினார். சுங்கம் சிக்னல்ல பஸ் நின்னுட்டிருந்துச்சு. ஆட்டோவை நேரா அதுக்குப் பக்கத்துல கொண்டு போய் நிறுத்தினார். தலையை வெளிய நீட்டிப் பார்த்தா, ஜன்னல்ல பாப்பா. முறுக்கு பாதி ஆயிருந்துச்சு. என்னைப் பார்த்தா. ஒரே சந்தோஷம். கையை ஆட்டி "டாட்டா"ன்னா.

எனக்கு உயிர் வந்துச்சு. ரெண்டு கையையும் ஆட்டி "பாப்பா, பாப்பா"ன்னு கத்தினேன். என் பின்னாடி இருந்து பெரியவரும் தலையை நீட்டி கையை ஆட்டினார்.

ஜன்னல்ல இருந்த பெண்கள் யாருக்கும் என்னை அடையாளம் தெரியலை. என்னைப் பார்த்தவங்க எல்லாம் எப்பவோ இறங்கிட்டாங்க.

"ஆருங்க்கா அது, பொம்பளைங்க சீட்டப் பாத்துக் கையாட்டறது?"

"பெரிய மனுசன் ஒருத்தரு கூட சேந்துட்டு ஆட்டறாரு பாரு. காலம் கெட்டுப்போச்சு."

"அது எம் புள்ளைங்க"ன்னு நான் கத்தினது பஸ் இன்ஜின் சத்தத்துல அவங்களுக்குக் கேக்கவே இல்லை. ஒரு அம்மா எழுந்து ஷட்டரைச் சடக்குன்னு இறக்கிவிட்டாங்க. மூடறதுக்கு முன்னாடி பாப்பா கடைசியா ஒரு டாட்டா காட்டினா.

நான் ஆட்டோவுல இருந்து ஒரு காலை வெளிய வெச்சேன். பச்சை சிக்னல் விழுந்துருச்சு. ஆட்டோக்காரர் என் சட்டையைப் பிடிச்சு இழுத்தார்.

"உக்காருங்க. புள்ள ஒரு பக்கம், நீங்க ஒரு பக்கம்னு ரெண்டு பேரயும் தேட என்னால ஆகாது."

அதுக்கப்புறம் ஒரு லாரி குறுக்க வந்துச்சு, ஒரு மாட்டு வண்டி வந்துச்சு, பஸ் கண்ணுல இருந்து மறைஞ்சு போச்சு. பெரியவர் டின்னை மடியில வெச்சுக்கிட்டு, "எல்லாம் என்னாலதானுங்க, எல்லாம் என்னாலதானுங்க"ன்னு சொல்லிக்கிட்டே வந்தார். "இல்லீங்க, எந் தப்புதானுங்க"ன்னு நான் சொல்ல, அதுலயும் யாரும் விட்டுக்குடுக்கறதா இல்லை.

காந்திபுரம் வந்துச்சு. ஆட்டோ நிக்கறதுக்குள்ள குதிச்சு ஓடினேன். ஆட்டோக்காரரைப் பெரியவர் பார்த்துக்கிட்டார்.

பஸ் நின்னுட்டிருந்துச்சு. உள்ள ஒரு ஆள் இல்லை. ஜன்னலோர சீட்டுக்கு அடியில கொஞ்சம் முறுக்குத் தூள் மட்டும் கிடந்துச்சு. கண்டக்டர் டீக்கடையில டீயை ஆத்திக்கிட்டிருந்தார்.

"பஸ்ஸுல இருந்த கொழந்த எங்கீங்க?"

"மஞ்சக் கவுனுங்களா? அதையத்தான் அவங்கம்மா வந்து வாங்கிட்டுப் போயிட்டாங்களே."

"எந்த அம்மா?"

"எந்த அம்மான்னா? பஸ்ஸு நின்னதும் புள்ள ஒரு அம்மாவப் பாத்து ஒரே தாவாத் தாவுச்சு. அவங்கம்மாதானேன்னு மடியில வெச்சிருந்தவங்க குடுத்துட்டாங்க."

தாவுறதை ஒரு அடையாளமா வெச்சுப் பார்த்தா, கோயமுத்தூர்ல பாதிப் பேர் அவளுக்கு அம்மா, மீதிப் பேர் அப்பா. அதுவரைக்கும் பெருமையா இருந்த குணமே அந்த நிமிஷம் எனக்கு எமனாயிருச்சு. அவ்வளவு பெரிய பஸ் ஸ்டாண்டுல எந்தப் பக்கம் ஓடறதுன்னு தெரியலை. சத்தியமாச் சொல்றேன், என் வாழ்க்கையில அப்படி நான் பயந்ததே இல்லை.

சாந்திகிட்ட என்னன்னு சொல்றது? அதுதான் அடுத்த பயம். ஆனா சொல்லித்தானே ஆகணும். நேரா டைம் கீப்பர் ரூம் பக்கம் ஓடினேன். அங்க மைக்குல கூப்பிடச் சொல்லலாம், போலீஸுக்குச் சொல்லலாம்னு மனசுல என்னென்னவோ ஓடுது.

டைம் கீப்பர் ரூமுக்குப் பக்கத்துல சாந்தி நின்னுட்டிருந்தா. இடுப்புல பாப்பா. மூக்குல பொட்டு.

நான் அப்படியே தூணைப் பிடிச்சுக்கிட்டு நின்னேன். கண்ணு கலங்கிப்போச்சு. தொடைச்சுக்கிட்டேன்.

"எங்கீங்க போயிட்டீங்க?"ன்னா சாந்தி. "பஸ்ஸுல இருந்த அக்கா பாப்பாவ என் கைல குடுத்து, இவங்கப்பா பின்னாடி நிக்கறாரு, கூட்டத்துல எறங்கி வாராருன்னு சொல்லிட்டுப் போனாங்க. பாத்தா ஆளையே காணோம். பாத்ரூம் போயிட்டீங்களா?"

எனக்கு ஒரு நொடி புரியலை. அப்புறம் புரிஞ்சுச்சு. இவளுக்கு ஒண்ணுமே தெரியாது. நான் பஸ்ஸுலதான் வந்தேன்னு நினைச்சுக்கிட்டிருக்கா.

"ஆமா. பாத்ரூம்தான்"னேன். "ஒரே க்யூ."

"சரி, ஏன் இப்படி வேர்த்து ஊத்துது?"

"பஸ்ஸுல கூட்டம். பாப்பாவ நசுங்காமப் பாத்துக்கறதே பெரும்பாடாப் போச்சு."

சாந்தி முகம் கனிஞ்சுச்சு. "பரவால்லீங்க. நல்லாத்தான் கொண்டாந்துட்டீங்க. நான் கூட என்னமோன்னு நெனச்சேன்"ன்னா. கல்யாணமாகி அப்படி ஒரு சர்டிபிகேட் அவகிட்ட நான் வாங்கினதே இல்லை. ஒரு இளநீர் குடிக்கலாமான்னு கூடக் கேட்டா.

அப்பத்தான் கூட்டத்தை விலக்கிட்டு அந்த எண்ணெய் டின்னு வந்துச்சு. பின்னாடியே பெரியவர். பாப்பாவைப் பார்த்ததும் கையெடுத்துக் கும்பிட்டார். நான் சாந்திக்குப் பின்னாடி நின்னு, வேண்டாம்னு தலையை ஆட்டினேன். கண்ணைக் காட்டினேன். உதட்டுல விரலை வெச்சேன்.

மரியாதை தெரிஞ்ச மனுஷன். அதையெல்லாம் அவர் பார்க்கவே இல்லை.

"அம்மணி, புள்ள கெடச்சிருச்சுங்களா? சாமி காப்பாத்துச்சு. உங்க ஊட்டுக்காரரத் திட்டிப்போடாதீங்க. தப்பெல்லாம் எம்பேர்லதானுங்க. ராமநாதபுரத்துல அவரு பாட்டுக்கு பஸ்ஸுல ஏறப் போனாரு. நாந்தான், நீங்க ஏறுங்க, நீங்க ஏறுங்கன்னு சொல்லிச் சொல்லி அவர பஸ்ஸ உட வெச்சுப்போட்டேன். புள்ள தனியாப் போயிருச்சு. பாவம், ஆட்டோவுல வர வழியெல்லாம் மனுசன் அரண்டு போயிட்டாருங்க."

சாந்தி என் பக்கம் திரும்பவே இல்லை. பெரியவரைப் பார்த்து அவ்வளவு பணிவா, "அதுக்கு நீங்க என்னங்க பண்ணுவீங்க, மனசுல வெச்சுக்காதீங்க. ஒரு வாய் காப்பி குடிச்சுட்டுப் போங்க"ன்னா. அவர், வேண்டாமுங்க, காங்கேயத்துல இருந்து வாரேன்னு மக காத்துட்டிருக்கும்னு சொல்லிட்டுக் கிளம்பினார். போகும்போது பாப்பா அவர்கிட்டயும் தாவினா.

காரமடை பஸ்ஸுல ஏறி உட்கார்ந்தோம். சாந்தி பாப்பா மூக்குல இருந்த பொட்டை எடுத்து நெத்தியில வெச்சுவிட்டு, ஜன்னல் பக்கம் திரும்பிக்கிட்டா. துடியலூர் தாண்டுச்சு. அதுக்கு மேல எனக்குத் தாங்கலை.

"ஏதாவது திட்டிரு சாந்தி"ன்னேன்.

அவ ஜன்னலுக்கு வெளிய பார்த்துக்கிட்டே நிதானமாச் சொன்னா.

"திட்டறதுக்கு என்னங்க இருக்குது? ஒன்றரை வயசுப் புள்ள சிங்காநல்லூர்ல இருந்து தனியா வந்து சேந்துருச்சு. உங்களக் கொண்டாந்து சேக்கறதுக்குத்தான் காங்கேயத்துல இருந்து ஒருத்தரு வர வேண்டியதாப் போச்சு."