கேஸ்போடு கட்டிய சுவர்

அரசாங்கம் என்று ஒன்று இருப்பதையே தனக்கு நேர்ந்த அவமானமாக எடுத்துக்கொண்ட மனிதர் விருத்தாசலத்தில் ஒருவர்தான். யார் மிரட்டினாலும் "கேஸு போடு" என்பார். அதுவே பெயராகிவிட்டது. பீங்கான் பொம்மைச் சூளை வைத்திருந்தார். இரண்டாயிரத்துக்குப் பிந்தைய அந்த வருஷங்களில் நான் அவரிடம் அச்சில் களிமண் கூழ் ஊற்றிக்கொண்டிருந்தேன்.

ஹெல்மெட் இல்லையென்று போலீஸ்காரர் நிறுத்தினால், "தலை என்னுது. ஒடஞ்சா ஒனக்கா வலிக்கும்?" என்று நடுரோட்டில் வாதாடுவார். அபராதம் கட்டிவிட்டு மறுபடியும் முதலிலிருந்து வாதாடுவார். டீக்கடையில் 'அரசியல் பேசாதீர்' பலகைக்கு நேர் கீழேதான் உட்காருவார்.

அவருடைய பழைய வீட்டில் சாந்தா குடியிருந்தாள். அவள் செய்த தொழில் ஊருக்கே தெரியும். போய் வந்தவர்களுக்குக் கொஞ்சம் கூடுதலாகத் தெரியும். ஒருநாள் வந்தவன் ஒருத்தன் அவள் கையை முறித்துவிட்டுப் போனான். பயந்துபோனவள், அதே தொழில் செய்த செல்வியைத் துணைக்கு வரவழைத்துக்கொண்டாள். தெரு கூடிப் புகார் கொடுத்தது. இன்ஸ்பெக்டர் சூளைக்கே வந்தார்.

"ஒருத்தி தனியா இருந்தா அது வூடு. ரெண்டு பேரு சேந்தா விபச்சார விடுதி. வாடகைக்கு வுட்ட ஒங்களையும் உள்ள தள்ளலாம். நாளைக்குள்ள ஒருத்திய அனுப்பிடுங்க."

"தனியா கெடந்து அடி வாங்குனா சட்டம் சும்மா இருக்குது. தொணைக்கு ஆளு வச்சா குத்தமா? ரெண்டு பேரும் வெவரம் தெரிஞ்ச பொம்பளைங்க, யாரும் புடிச்சிட்டு வரல. அவங்க ஒடம்பு, என் வூடு. நடுவுல நீங்க யாருங்க?"

"சட்டம்யா!"

"கேஸு போடுங்க."

ஜீப் போனதும் கடப்பாரையை எடுத்துச் சூளைச் சுவரை இடிக்க ஆரம்பித்தார். நான் குறுக்கே ஓடினேன்.

"மொதலாளி, கொலு ஆர்டரு அப்படியே இருக்குது!"

"பொம்மைங்கள யாரும் அடிக்க மாட்டாங்கடா. கல்ல எடு."

சூளைக் கற்களை வண்டியில் ஏற்றிக்கொண்டுபோய், அந்த வீட்டுக் கூடத்தின் நடுவே சுவர் எழுப்பினோம். பக்கத்தில் இன்னொரு வாசலும் வைத்தோம்.

மறுநாள் இன்ஸ்பெக்டர் வந்து இரண்டு வாசலையும் மாறி மாறிப் பார்த்தார்.

"என்னய்யா இது?"

"ரெண்டு வூடுங்க. வூட்டுக்கு ஒருத்தி. ஒங்க சட்டப்படி."

"நடுச்சுவத்துல ஓட்டை?"

"ஜன்னலுங்க."

"கதவக் காணோம்?"

"ஒருத்தி கத்துனா இன்னொருத்திக்குக் கேக்கணும்ல?"

இன்ஸ்பெக்டர் சாந்தாவின் மாவுக்கட்டைக் கொஞ்ச நேரம் பார்த்தார். ஜீப்பில் ஏறிப் போய்விட்டார்.

அந்தக் கொலுவுக்கு எங்கள் பொம்மை ஒன்றுகூட வேகவில்லை. ஆர்டர் கொடுத்த கடைக்காரர்கள் வந்து கத்தினார்கள். அவர்களையும் கேஸ் போடச் சொன்னார்.

இப்போது என் மகள்கள் இரண்டு பேரும் வெளியூரில் வேலை பார்க்கிறார்கள். அவர்களுக்கு வீடு பார்க்கப் போகும்போதெல்லாம் என்னென்னவோ விசாரிக்கிறேன். மனசு மட்டும் அந்த மனுஷனைப் போல ஒரு வீட்டுக்காரரைத்தான் தேடுகிறது.