யார் காதிலும் விழாத ரோடு

கோடைக்கானல் ரோடு,
15-6-1961

அன்புள்ள மாமா அவர்களுக்கு,

மருமகள் அழகம்மாள் எழுதுவது. கிருத்திகைக் கூட்டம் கடையை நெருக்கும் சமயத்தில் காகிதம் போட்டுத் தொந்தரவு செய்வதற்கு மன்னிக்க வேண்டும். நேரில் நாலு வார்த்தை சேர்ந்தாற்போலப் பேசாதவள் காகிதத்தில் மட்டும் இவ்வளவு பேசுகிறாளே என்று அத்தை சிரிப்பார்கள், சிரிக்கட்டும். அம்மாவும் நானும் சுகம். நீங்கள் எல்லோரும் அப்படியே இருக்க முருகன் துணை.

திங்கட்கிழமை பழனி ஸ்டேஷனில் எங்களை ஏற்றிவிட்டுக் கை காட்டினீர்கள் அல்லவா, அப்போதே அம்மா கம்பளியை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். பள்ளிக்கூட வேலை உத்தரவை நான் வீட்டில் படித்துக் காட்டியபோது "கோடைக்கானல்" என்றதுமே அப்பா அடுத்த தோட்டத்துக்குச் சொல்ல ஓடிவிட்டார், அம்மா பாயசத்துக்கு அடுப்பு மூட்டிவிட்டாள். பின்னால் வந்த "ரோடு" யார் காதிலும் விழவில்லை. கோடைக்கானல் என்றால் மலைமேல் நம் அட்டுவம்பட்டியிலிருந்து நடந்தே போய்வரலாம், பொழுது சாயப் பெண் வீட்டுக்கு வந்துவிடும் என்றுதான் இருவரும் சம்மதித்தது. உங்களிடம் சொல்லிக்கொண்டு போக வில்பட்டி வழியாக நடந்து பழனிக்கு இறங்கியாயிற்று, திரும்ப மலை ஏறுவதற்கு ரயில் என்பது அம்மாவின் நினைப்பு. கோடைக்கானல் ஊருக்குள்ளேயே ரயில் டிக்கெட் ஆபீஸ் இருக்கிறதே, ரயில் இல்லாமலா டிக்கெட் கொடுப்பார்கள் என்று என்னையே கேட்டாள்.

சத்திரப்பட்டியில் ஜன்னலை அடைக்கச் சொன்னாள், குளிர் வந்துவிடுமாம். விஷயத்தைச் சொல்ல வாய் திறந்தேன், சுண்டல்காரர் வந்துவிட்டார். ஒட்டன்சத்திரத்தில் கத்தரிக்காய்க் கூடையோடு ஏறிய ஒருவரிடம், "ரயிலு எப்பத்தா மலை ஏறும்?" என்று கேட்டாள். "ரயிலு ஏறாதுக்கா, பொகைதேன் ஏறும்" என்றார் அவர். பெட்டியே சிரித்தது. வேடிக்கைப் பேச்சு என்று அம்மாவும் சிரித்தாள். நான் ஜன்னலைப் பார்த்துக்கொண்டேன். காலேஜுக்குப் போன நாட்களில், அத்தை கட்டிக்கொடுத்த புளிச்சோற்றை மடியில் வைத்துக்கொண்டு, வலது பக்கம் கூடவே ஓடிவரும் மலையில் எந்த மடிப்பு அட்டுவம்பட்டி என்று தேடுவேன். ஏதாவது ஒரு மடிப்பில் அப்பா பூண்டுக்குத் தண்ணீர் பாய்ச்சுகிறார் என்று நினைத்துக்கொண்டால் மதுரை வரை அழுகை வராது. வந்துவிட்டால் கண்ணில் கரித்தூள் என்று பக்கத்தில் சொல்லிவிடுவேன். இப்போதும் கரித்தூள்தான் விழுந்தது மாமா.

திண்டுக்கல்லில் வண்டி மாறினோம். சிறுமலையைப் பார்த்து நம் மலை வந்துவிட்டது என்று அம்மா தெம்பானாள். இங்கே இறங்கியபோது வெயில் மண்டையைப் பிளந்தது. அம்மா கம்பளியைப் போர்த்திக்கொண்டு இறங்கினாள். "கோடைக்கானலா? வெளிய பஸ்ஸு நிக்கிதும்மா, அம்பது மைலு" என்றார் போர்ட்டர்.

அம்மா என்னைப் பார்த்தாள். "அப்ப பொழுது சாய நீ வீட்டுக்கு வரமாட்டே?"

தலையை மட்டும் ஆட்டினேன். கம்பளியைப் பிளாட்பாரத்தில் விரித்து உட்கார்ந்துவிட்டாள். ரயில் மலை ஏறினால்தான் எழுந்திருப்பாளாம். ஸ்டேஷன் மாஸ்டர் வந்து கெஞ்சினார். அவருக்கு ஒரு பிடி பூண்டு கொடுத்தாளே தவிர எழவில்லை. கடைசியில் கொசுதான் எழுப்பியது. இப்போது நான் எடுத்திருக்கும் அறையில் இருக்கிறாள். ஞாயிற்றுக்கிழமை என்னையும் கூட்டிக்கொண்டு ஊர் திரும்புவதாக முடிவு செய்திருக்கிறாள். அதற்குள் நீங்கள் வந்து ஒரு நல்ல வார்த்தை சொல்ல வேண்டும். நான் மெதுவாகப் பேசுவதால் என் வகுப்புப் பிள்ளைகள் சத்தம் போடாமல் உட்கார்ந்து கேட்கிறார்கள். என் குரலுக்கு இந்த மரியாதை வேறெங்கும் கிடைத்ததில்லை மாமா.

அத்தைக்கு என் வணக்கம், சின்னவர்களுக்கு முத்தம்.

தங்கள் அன்பு மருமகள்,
அழகம்மாள்

பி.கு.: காகிதத்தை ஒட்டாமல் வைத்துவிட்டுப் பள்ளிக்கூடம் போனேன். சாயங்காலம் வந்தால் அறையில் அம்மா இல்லை, பிளாட்பாரத்தில் நிற்கிறாள். மெட்ராஸ் குடும்பம் ஒன்று இறங்கி, ஏரி எந்தப் பக்கம் என்று விசாரித்துக்கொண்டிருந்தது. "இது கோடை இல்லைங்க, ரோடுதேன். வெளிய பஸ்ஸு நிக்கிது, வெரசா போங்க" என்று அம்மா அனுப்பிவைத்தாள். மேலே குளிருமே என்று அவர்களுடைய கைக்குழந்தைக்கு நம் கம்பளியையும் கொடுத்துவிட்டாள். பிறகு என்னிடம், "ஏத்தா, வெவரம் தெரியாம எத்தன பேரு எறங்குறாக. சொல்றதுக்கு ஒரு ஆளு வேணாமா? ஊருக்குப் போற சோலிய அப்புறம் பாக்கலாம்" என்றாள்.

ஆகவே நீங்கள் இங்கே வர வேண்டாம். நாங்கள் இன்னும் உங்கள் வீட்டில் இருப்பதாக எண்ணி அப்பா வில்பட்டிப் பாதையைப் பார்த்துக்கொண்டிருப்பார். நீங்கள் மலை ஏறிப் போய், அவரிடம் அந்த "ரோடு" என்ற சொல்லை மட்டும் கொஞ்சம் சத்தமாகச் சொல்லிவிடுங்கள்.