பதினொன்று பத்துக்கு வரும் எதிரி

"சார், இந்த ரெண்டு கடிதத்துலயும் ஒரே நேரம் போட்டிருக்கே, கவனிச்சீங்களா?" என்று தட்டச்சுக்காரப் பெண் கேட்டபோது, ஒருங்கிணைப்பாளர் வழக்கம்போல "ம்" என்றார்.

அவர் "ம்" என்றால் காதில் விழவில்லை என்று அர்த்தம். இருபத்தாறு வருஷக் குடித்தனத்தில் அவர் மனைவி கண்டுபிடித்த உண்மை இது. வேலைக்கு வந்து மூன்று வாரமே ஆன பெண்ணுக்கு இது எப்படித் தெரியும்? அவள் இரண்டு கடிதங்களையும் அவர் மூக்குக்கு நேராக, பக்கத்தில் பக்கத்தில் வைத்தாள்.

ஒன்று மேட்டு ஆய்வகத்திலிருந்து வந்தது. எல்லையில் நிற்கிற காவலர்கள் தங்களுக்குள் பேசிக்கொள்ள அங்கே ஒரு கம்பியில்லாக் கருவி செய்துகொண்டிருந்தார்கள். "தினமும் காலை பதினொன்று பத்துக்கு ஏதோ ஓர் அலை வந்து எங்கள் கருவியை ஊமையாக்குகிறது. எதிரியின் வேலை என்று ஐயுறுகிறோம். ஆய்வு தொடர வேண்டும்."

மற்றது ஆற்றங்கரை ஆய்வகத்திலிருந்து. எதிரிகளின் பேச்சை மறிக்கிற கருவி அவர்களுடையது. "தினமும் காலை பதினொன்று பத்துக்கு எங்கள் கருவியைச் சோதிக்கிறோம். யாரோ அதற்கு ஈடு கொடுத்து மீண்டும் மீண்டும் பேசப் பார்க்கிறார்கள். எதிரியின் வேலை என்று ஐயுறுகிறோம். ஆய்வு தொடர வேண்டும்."

ஒருங்கிணைப்பாளர் படித்தார். கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு மறுபடி படித்தார். அவருடைய காது மடல் சூடாயிற்று.

நாட்டின் பாதுகாப்புக்காக நடக்கிற ஆராய்ச்சியில் ஒரு விதி உண்டு. ஓர் ஆய்வகம் செய்வது இன்னோர் ஆய்வகத்துக்குத் தெரியக்கூடாது. எல்லாம் தெரிந்திருக்க வேண்டியது இந்த ஓர் அலுவலகத்துக்கு மட்டும்தான். வலது கை செய்வது இடது கைக்குத் தெரியாமலும் இருக்க வேண்டும், இரண்டு கையும் ஒன்றையொன்று அறைந்துகொள்ளாமலும் இருக்க வேண்டும். நடுவில் உட்கார்ந்து அதைப் பார்த்துக்கொள்ளத்தான் நம் மனிதருக்குச் சம்பளம்.

அவர் கோப்பைப் பிரித்தார். மாதத்துக்கு இரண்டு கடிதம், முப்பத்தைந்து மாதம். ஒவ்வொன்றிலும் பதினொன்று பத்து, ஒவ்வொன்றின் ஓரத்திலும் பச்சை மசியில் "பார்த்தேன்" என்று அவர் கையெழுத்து. அலுவலகத்தில் அவருக்குப் பட்டப்பெயரே "பார்த்தேன் சார்". இது அவருக்கும் தெரியும். அதை ஒரு பாராட்டாக எடுத்துக்கொண்டு இத்தனை நாள் நடமாடியிருக்கிறார்.

"இதை யார்கிட்டயாவது சொன்னியாம்மா?"

"இல்ல சார். எல்லாத்துலயும் 'பார்த்தேன்'னு எழுதியிருக்கீங்களே. தெரிஞ்சுதான் விட்டு வெச்சிருக்கீங்கன்னு நினைச்சேன்."

அந்தப் பெண் கிண்டல் செய்யவில்லை. செய்திருந்தால்கூடத் தேவலை என்றிருந்தது அவருக்கு.

அன்று பார்த்தா மச்சான் வீட்டுக்கு வர வேண்டும்? நண்பர் ஒருவரை வேறு கூட்டிவந்திருந்தான். "எங்க அத்தான் கண்ணுல படாம இந்த நாட்டுக்குள்ள ஒரு ஈ வர முடியாது, தெரியுமா?" என்று சோபாவில் சாய்ந்துகொண்டு அளந்தான். அத்தான் தட்டிலிருந்து தலையை நிமிர்த்தவே இல்லை.

மூன்று வருஷமாக நாட்டின் ஒரு கை மறு கையை எதிரி என்று நினைத்து முறுக்கிக்கொண்டிருக்கிறது. இந்த மாதக் கடைசியில் இரண்டு ஆய்வுக்கும் தவணை முடிகிறது, கோப்பு செயலர் மேஜைக்குப் போகும். போனால் வேலை போகும். அதைவிட, மானம் போகும். அதற்குள் யாருக்கும் தெரியாமல் சரிசெய்துவிட வேண்டும் என்று முடிவுசெய்தார். அங்கேதான் சனி பிடித்தது.

திங்கட்கிழமை காலை ஆற்றங்கரை ஆய்வகத்து இயக்குநருக்குப் போன் போட்டார். அந்த அம்மாள் கறார் பேர்வழி.

"அம்மா, உங்க சோதனை நேரத்தைக் கொஞ்சம் மாத்திக்க முடியுமா?"

"எதுக்கு?"

எதுக்கு என்று சொன்னால் விதி மீறல். சொல்லாவிட்டால் சந்தேகம். தொண்டையைச் செருமிக்கொண்டு, "மேலிடத்து விருப்பம்" என்றார்.

"சரி. நாளையிலேர்ந்து மதியம் மூணு மணி."

புதன்கிழமை காலை மேட்டு ஆய்வகத்திலிருந்து 'அவசரம்' என்று முத்திரையிட்ட உறை வந்தது. "எதிரி நேரத்தை மூன்று மணிக்கு மாற்றிவிட்டான். நாங்கள் கவனிப்பது அவனுக்குத் தெரிந்திருக்கிறது. உள்ளேயிருந்து யாரோ தகவல் கொடுக்கிறார்கள்." கடிதத்தில் போட்டிருந்த தேதி திங்கட்கிழமை. மாற்றம் நடந்ததோ செவ்வாய்க்கிழமை. ஏதோ கைப்பிழை என்று விட்டுவிட்டார். பிறர் பிழையைச் சுட்டிக்காட்டத் தனக்கு என்ன யோக்கியதை இருக்கிறது?

மறுபடி போன். "அம்மா, ஒரு வாரத்துக்குச் சோதனையையே நிறுத்தி வையுங்களேன்."

அதையும் அந்த அம்மாள் செய்தார். அடுத்த புதன்கிழமை மேட்டு ஆய்வகம் எழுதியது: "எதிரி ஒரு வாரமாக மௌனம். பாய்வதற்கு முன் பதுங்குகிறான். எல்லையை உஷார்ப்படுத்தவும்." இந்த முறை நகல் நேராகச் செயலருக்கே போயிருந்தது.

செயலர் கூப்பிட்டனுப்பினார். "என்னய்யா, எதிரி பதுங்குறானாமே?"

"பார்த்தேன் சார்."

"உள்ள ஒரு கறுப்பு ஆடு இருக்குதாம். யாருன்னு வெள்ளிக்கிழமை சாயங்காலத்துக்குள்ள எனக்குத் தெரியணும். தேடிக் கண்டுபிடிக்கற பொறுப்பு உங்களுது."

தன்னையே தேடிக் கண்டுபிடிக்கிற உத்தரவோடு ஒருங்கிணைப்பாளர் தன் அறைக்குத் திரும்பினார். மேஜையில் ஆற்றங்கரை ஆய்வகத்தின் கடிதம் காத்திருந்தது. "உங்கள் அலுவலகத்தின் பெயரைச் சொல்லி ஒரு நபர் இருமுறை போனில் பேசி எங்கள் சோதனையைக் கெடுத்தார். எழுத்து உத்தரவு ஏதுமில்லை. நடுவயது ஆண்குரல். அடிக்கடி தொண்டையைச் செருமுகிறார்."

கை தன்னால் பச்சைப் பேனாவை எடுத்து 'பா' என்று எழுதிவிட்டது. அதற்குமேல் ஓடவில்லை.

அன்று சாயங்காலம் மனைவியிடம் எல்லாவற்றையும் கொட்டினார். ஆய்வகம், கருவி எதையும் சொல்லவில்லை. அது விதி. "படிக்காமலே கையெழுத்துப் போட்டுட்டேன்" என்று மட்டும் சொன்னார்.

"இதென்ன புதுசா? நம்ம பொண்ணோட மார்க் அட்டையிலயும் அப்படித்தானே போட்டீங்க. கணக்குல எட்டு மார்க். கீழ நீங்க, 'பார்த்தேன்'. அவ பள்ளிக்கூடம் முழுக்கக் காட்டிச் சிரிச்சா, பாவம், அப்புறம் வீட்டுக்கு வந்து அழுதா."

அது அவருக்கு இன்றுவரை தெரியாது. கண்ணில் தண்ணீர் முட்டிக்கொண்டு வந்தது.

மனைவிக்கு மனசு கேட்கவில்லை. பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். "யாருக்குத் தப்புப் பண்ணீங்களோ அவங்களைக் கூப்பிட்டு உள்ளதைச் சொல்லிடுங்க. போற மானம் ஒரே தடவையா போகட்டும்."

வெள்ளிக்கிழமை காலை இரண்டு இயக்குநர்களையும் வரவழைத்தார். ஆற்றங்கரை அம்மாள் முதலில் வந்தார். ஐந்து நிமிஷம் கழித்து மேட்டு ஆய்வகத்து ஐயா வந்தார். கைப்பேசிகளை வாசல் காவலரிடம் கொடுத்துவிட்டு வந்து, நீளமேஜையின் இந்தப் பக்கம் ஒருவர், அந்தப் பக்கம் ஒருவர். முகத்தை ஏறெடுத்தும் பார்த்துக்கொள்ளவில்லை. பாம்பும் கீரியும்தான்.

ஒருங்கிணைப்பாளர் எழுந்து நின்று எழுபது கடிதங்களையும் மேஜையில் பரப்பினார்.

"நீங்க தேடுற எதிரி இவங்க. இவங்க தேடுற எதிரி நீங்க. மூணு வருஷம் முன்னாடியே நான் சொல்லியிருக்கணும். ஏன் சொல்லலன்னா, நான் ஒரு கடிதத்தையும் படிக்கல. போன்ல பேசின கறுப்பு ஆடும் நான்தான். எனக்கு வெட்கமா இருக்கு."

ஐயாவுக்கு இருமல் வந்தது. அம்மாள் அந்தப் பக்கம் திரும்பாமலே தண்ணீர்க் குவளையை அவர் பக்கம் நகர்த்தினார். இவ்வளவு கோபத்திலும் எதிராளிக்குத் தண்ணீர் கொடுக்கத் தோன்றுகிறதே, பெரிய மனசு என்று ஒருங்கிணைப்பாளர் நெகிழ்ந்தார்.

"தப்பு யாருக்கும் வரும்" என்றார் ஐயா.

"வெளிய தெரிஞ்சா உங்க குடும்பம் என்ன ஆகும்?" என்றார் அம்மாள். "கருவிக் கோளாறுதான், கறுப்பு ஆடெல்லாம் கிடையாதுன்னு செயலருக்கு நாங்களே எழுதிடறோம்."

"ஆனா ஒண்ணு" என்றார் ஐயா. "இப்ப ஆய்வை நிறுத்தினா ஏன் நிறுத்தினீங்கன்னு கேள்வி வரும். கேள்வி வந்தா இந்தக் கடிதமெல்லாம் கிளறுவாங்க."

"இன்னும் மூணு வருஷம் நீட்டிச்சுட்டா யாரும் கேக்க மாட்டாங்க" என்றார் அம்மாள்.

இருவரும் ஆளுக்கொரு பையிலிருந்து ஆளுக்கொரு தாளை எடுத்தார்கள். இரண்டும் தட்டச்சு செய்து தயாராக இருந்தன. ஒருங்கிணைப்பாளருக்கு நன்றியில் எழுத்தே மங்கலாகத் தெரிந்தது. இனி ஒரு வரி விடாமல் படிப்பேன் என்று காலையில்தான் மனைவியின் கையைப் பிடித்துச் சத்தியம் செய்திருந்தார். நாளையிலிருந்து படிக்கலாம் என்று சமாதானம் சொல்லிக்கொண்டு இரண்டு தாளிலும் "பார்த்தேன்" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

அம்மாள் முதலில் போனார். ஐந்து நிமிஷம் கழித்து ஐயா போனார். மேஜைமேல் அம்மாளின் கண்ணாடிக் கூடு கிடந்தது. இவ்வளவு செய்த புண்ணியவதிக்கு இதைக்கூடச் செய்யாவிட்டால் எப்படி என்று அதை எடுத்துக்கொண்டு படியிறங்கி ஓடினார்.

வாசலில் ஒரே ஒரு கார் நின்றது. ஓட்டுநர் முன்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். இயக்குநர்கள் இருவரும் இன்னும் காவலர் அறையில் கைப்பேசிக்காகக் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தார்கள்.

"ஆற்றங்கரை அம்மாவோட வண்டிதானே இது?"

"ஆமா சார்."

"இந்தக் கூட்டை அவங்ககிட்ட குடுத்துடுங்க. மேட்டு ஆய்வகத்து ஐயாவோட வண்டி வரலியா? பாவம், அவரு வெயில்ல நிக்கப் போறாரு."

ஓட்டுநர் துணியை உதறி மடித்தார்.

"அவரு வண்டியும் இதுதான் சார், கல்யாணம் ஆன நாள்லேர்ந்து ரெண்டு பேரும் ஒண்ணாத்தான் வர்றாங்க, இங்க மட்டும்தான் அஞ்சு நிமிஷம் தள்ளித் தள்ளி இறங்குவாங்க."